பஞ்சநதத்தின் நம்பர்

வீட்டில் இருப்பதே மூன்று கம்ப்யூட்டர். அதற்கு ஒரு டி.என்.எஸ். சர்வராம்! எலி வளைக்கு எதற்கு ராஜகோபுரம் என்று மைத்துனன் மஞ்சுநாத் பெங்களூரிலிருந்து போனில் கேலி செய்தான். மைசூர் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஜகதீசனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் கூப்பிட்டுக்கறது நம்பராலதாண்டா. மனுஷனுக்கு நம்பர் ஞாபகம் இருக்குமா? பேரைச் சொன்னா நம்பரைத் தேடிக் கொடுக்க ஒரு ஆள் வேணும். அதுதான் இது."

ஸ்டோர் ரூமில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், பழைய கம்ப்யூட்டர் ஒன்று அந்த ஆளாக உட்கார்ந்தது. மாடிக் கம்ப்யூட்டருக்குக் காவேரி என்று பேர். பிரிண்டர் மாட்டிய ஹால் கம்ப்யூட்டருக்கு, காலமான அப்பாவின் பேர்: பஞ்சநதம். அதில்தான் அவனுக்கு ஆசையெல்லாம். அப்பா போனபிறகு அந்தப் பேரை இந்த வீட்டில் யார் சொல்கிறார்கள்? இனி தினமும் நாலு தரமாவது ஒலிக்குமே!

எங்கே ஒலித்தது! டியூஷன் கேள்வித்தாளை மாடியிலிருந்து அச்சுக்கு அனுப்ப உட்கார்ந்த மனைவி கனகலக்ஷ்மி கையை இழுத்துக்கொண்டாள்.

"நன்னாருக்கே! மாமனார் பேரை வாயாலயே சொல்லப்படாது. விரலால தட்டி, மேல ஒரு என்டர் வேற அடிக்கணுமா? எனக்கு நம்பரைக் கொடுங்கோ."

கணக்கு டீச்சராயிற்றே, ஒரே தடவையில் மனப்பாடம். மாதக்கணக்கில் நம்பரையே தட்டினாள். பேர் சூட்டியவனோ பேரையே தட்டித் தட்டி, நம்பரைச் சுத்தமாக மறந்தான்.

தசராவுக்கு மஞ்சுநாத் வந்தான். "எங்கே அத்திம்பேர், உங்க பிரதாபத்தை ஸ்வல்பம் காட்டுங்கோ!"

ஜகதீசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காவேரியின் முன் உட்கார்ந்து அப்பாவின் பேரைத் தட்டினான். அப்படி யாரையும் தெரியாது என்றது திரை. சற்று முன் கரண்ட் போய் வந்ததில், ஸ்டோர் ரூம் கிழம் எழுந்திருக்கவே இல்லை.

மஞ்சுநாத் விழுந்து விழுந்து சிரித்தான். ஜகதீசனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவையா தெரியாது என்கிறது, அப்பா வாழ்ந்த வீட்டிலேயே!

"கனகா, நம்பர் என்ன? சீக்கிரம் சொல்லு!"

கனகலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தட்டறச்சயே கன்னத்துல போட்டுண்டுதான் தட்டறேன். வாயால எப்படிச் சொல்லுவேன்? இத்தனை நாளா எனக்கு அதுதானே அவர் பேர்!"