காகத்துக்கு முதல் பிடி

…இலைக்குவியலுக்குள் மூக்கை நுழைக்க விடாதே, மழை பெய்த மறுநாள் காளான் முளைத்திருக்கும், அதை நக்கக்கூட விடாதே, வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடி, திரும்பி வந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்… வேலைவீட்டு இத்தாலியச் சிஞ்ஞோரா அகாத்தா வாசலில் நின்று விரல் மடித்துச் சொன்னதையெல்லாம் தேவாரம் போல மனதுக்குள் ஓதிக்கொண்டே சுதாஜினி ஃபவோரித்தா பூங்காவுக்குள் நடந்தாள், முன்னால் றோக்கோ, மண்ணிறத்தில் ஒரு கன்றுக்குட்டியளவு நாய். சிஞ்ஞோரா சொல்லாமல் விட்டது ஒன்றுதான், அதைச் சொல்ல அவளுக்கு வாய் வராது… போன ஒக்டோபரில் இரண்டாம் மாடி வீட்டு நாய் இந்த மரங்களின் கீழ் யாரோ போட்டுவைத்த இறைச்சி உருண்டையை விழுங்கி, வீடு வந்து சேருமுன்னே நுரை தள்ளிச் செத்துப்போனது. யார் வைத்தது, ஒரு வாயில்லாச் சீவனோடு யாருக்கு என்ன கோபம்? மகன் மிலானோவுக்குப் போனபிறகு சிஞ்ஞோராவுக்கு இருக்கிற ஒரே துணை இந்த றோக்கோ, அந்தத் துணையை ஒவ்வொரு காலையிலும் நம்பி ஒப்படைப்பது தன் கையில், சமையலுக்கும் கூட்டித் துடைக்கவும் வந்த கையில், நினைத்ததும் வாரைப் பிடித்த விரல்கள் தாமாக இறுகின.

பசி. சனிக்கிழமை, அதிலும் புரட்டாசிச் சனி, உச்சிக்குப் பிறகுதான் ஒருநேரச் சாப்பாடு. ஏழரைச் சனி தொடங்கிய நாளிலிருந்து எல்லாச் சனியும் இப்படித்தான், சிஞ்ஞோராவின் குசினியில் சோறு வடித்து, முதல் பிடியைப் பல்கனிச் சுவரில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டு, அது கொத்திய பிறகுதான் இவள் வாயில் பருக்கை படும். பக்கத்து வீட்டு வெள்ளைக் குட்டிநாயை இழுத்துக்கொண்டு கூட வந்த புஸ்பராணிக்கு அது எப்போதும் பகிடி. "உது அரைக் காகமடி, உடம்பு முழுக்கச் சாம்பல். சனீஸ்வரன் பலனையும் அரைவாசிதான் தருவார்." "தாறதைத் தரட்டும் அக்கா, நீங்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கோ." சுவரில் வைத்த சோற்றுக்கு றோக்கோ முதலில் பாய்ந்து பார்த்தான், பிறகு சிணுங்கிப் பார்த்தான், விடு, அது காகத்துக்கு, விடு, அது காகத்துக்கு என்று சனிக்குச் சனி அவனை மறித்தாள், காகம் போனதும் சுவரில் மிஞ்சியதை அவனுக்குப் போடுவாள்… அதை அவள் நாயைப் பழக்குவது என்று நினைத்ததில்லை, மறிப்பு என்றுதான் நினைத்தாள். சிஞ்ஞோரா நாளெல்லாம் இத்தாலியனில் 'லாஷா, லாஷா', விடு விடு, என்று கத்தினாலும் கவ்விய செருப்பை அவன் ஒருநாளும் விட்டதில்லையே.

அவன் தலை இலைக்குள் போனதை அவள் காணவில்லை, கண்டதெல்லாம் தலை வெளியே வந்தது, பல்லுக்கிடையில் சிவப்பாக ஒரு உருண்டை, அதிலிருந்து உதிர்ந்த நீல நஞ்சுக் குறுணி… வாரை இழுத்தால் விழுங்கிவிடுவான், பாய்ந்தாலும் விழுங்கிவிடுவான், லாஷா, எங்கே அந்தச் சொல், தெரிந்த இத்தாலியன் எல்லாம் எங்கே போனது, நெஞ்சுக்குள் ஒரு வெறுமை, அந்த வெறுமையிலிருந்து வந்தது அதுதான், "விடு! அது காகத்துக்கு!"

விட்டான். வாயைத் திறந்து, மெதுவாக, எச்சிலோடு இலைமேல் வைத்தான். பச்சை இறைச்சி, அவன் காலடியில், மணக்க மணக்க… புஸ்பராணி முழங்காலில் விழுந்து அவன் வாயைப் பிளந்து பார்த்தாள், போத்தல் தண்ணீரைக் கவிழ்த்து நாக்கைக் கழுவினாள். "கடிக்கேல்லையடி. ஒரு பல்லும் படேல்லை. எடியே, இவன் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவனோ?" சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அவள் குரல். சுதாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் புல்லரித்து நின்றாள், கோயில் திரை விலகும்போது நிற்பதுபோல. எந்தச் சொல் எந்த உயிருக்குள் போய் இருந்திருக்கிறது… இந்த ஊரில் பிறந்த ஒரு நாய், பசிக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு இடம் வைத்திருக்கிறது, அந்த இடத்தில் அவளுடைய சனிக்கிழமை இருக்கிறது.

நாயின் மலம் அள்ளக் கொண்டுவந்த பையை உள்வளமாகக் கையில் மாட்டி அவள் குனிந்தபோதுதான் சிறகுச் சத்தம். சாம்பல் காகம் ஒன்று கிளையிலிருந்து இறங்கி உருண்டையை நோக்கித் தத்தியது. "சூ! போ! சூ!" சனிக்குச் சனி கூப்பிட்ட வாய், இன்று இதே சனியில், துரத்தியது, காகம் தலை சரித்து அவளைப் பார்த்தது, பார்த்துவிட்டுப் பறந்தது. உருண்டையையும் சுற்றிக் கிடந்த குறுணி ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பையை இறுக முடிந்தாள்.

"வாடா, வீட்டை போவம். மிருக டொக்டரிட்டையும் ஒருக்காக் காட்டுவம்." அவன் அசையவில்லை. முன்னங்கால் ஊன்றி உட்கார்ந்து காகம் போன கிளையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு அவள் கையை, பிறகு கிளையை… காகம் இன்னும் சாப்பிடவில்லை, அது சாப்பிட்டால்தானே தன் பங்கு. அப்படியென்றால் இவ்வளவு நாளும் அவன் காதில் விழுந்தது வெறும் மறிப்பு இல்லையோ, அவளுக்கு அடங்கித்தான் விட்டானோ, இல்லை, அவளைப் போலவே அவனும் முதல் பிடியைக் காகத்துக்கு வைத்தானோ…? சுதாஜினி வாரை இழுக்காமல் நின்றாள், முடிந்த பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து அந்தக் கிளையைப் பார்த்தபடி.