கொவே

ரெபாப் வாத்தியத்தின் வில் நரம்பின் மேலேயே நின்றுவிட்டது, மாமனாரின் வலது கை பாதி வழியில் அப்படியே இருக்கிறது, தூண் மண்டபத்தில் கமேலான் வாசிக்க வந்த பதினான்கு பேரும் தத்தம் வெண்கலத் தகடுகளைப் பார்த்துத் தலைகுனிந்திருக்கிறார்கள், நான் மட்டும் தேநீர்த் தட்டோடு நிமிர்ந்து நிற்கிறேன், சரியான பதிலடி கொடுத்துவிட்ட பெருமிதத்தில், என்னைப் போல ஒரு மடச்சி உண்டா, இத்தனை வருஷம் கழித்தும் சோலோ நகரத்தின் அந்தக் காலை வெயிலை நினைத்தால் காதுமடல் சுடுகிறது.

திருச்சியிலிருந்து ஜாவாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான், அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது, தன் பிள்ளைகள் நால்வரையும் கொவே, கொவே என்று அழைப்பார் மாமனார், கொவே என்றால் நீ, என்னிடம் மட்டும் தாங்கள் சாப்பிட்டாயிற்றா, தாங்கள் நன்றாக உறங்கினீர்களா என்று உயர்ந்த ஜாவா மொழியில்தான் பேசுவார், எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை, ஊருக்குப் போன் பண்ணி, உன் சம்பந்தி என்னை நீங்கன்னுதான் கூப்பிடுறாரும்மா என்று பீற்றிக்கொண்டேன், வீட்டுப் பொண்ண யாருடி நீங்கன்னு சொல்லுவா என்றாள் அம்மா, அது காதில் ஏறவில்லை, கொவே என்பது வேலையாட்களுக்கும் கீழோருக்கும் என்று நான் படித்த இலக்கணப் புத்தகத்தில் போட்டிருந்தது, அதுதான் எனக்கு வேதம்.

அன்றைக்குத் தேநீர் கொண்டுபோகிறேன், ரெபாபின் இரண்டு நரம்புகள் மேல் வில்லை இழுத்தபடியே நிமிர்ந்து பார்த்தவர், சிரித்துக்கொண்டே, கொவே சாப்டியா என்கிறார், அத்தனை பேர் முன்னால், பட்டம் வாங்கிய என்னை, வேலைக்காரியைக் கேட்பது போல, எனக்குச் சுருக்கென்று ஏறியது, சாப்டேன், கொவே சாப்டியா என்று அதே சொல்லை அவர் முகத்தில் திருப்பி வீசினேன்.

சாயங்காலம் என் கணவர் பிரசெத்யோ தலையில் கைவைத்துக்கொண்டு, என்ன காரியம் பண்ணிட்ட, அப்பா உன்னை மகளாக் கூப்பிட்டாரு, அதுக்கு எத்தனை நாளாக் கூச்சப்பட்டுட்டு இருந்தாரு தெரியுமா என்றபோது நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது, மறுநாள் மாமனார்முன் மண்டியிட்டு, புத்தகத்திலிருந்து பொறுக்கிய மிக உயர்ந்த சொற்களால் மன்னிப்புக் கேட்டேன், அவரும் அதைவிட உயர்ந்த சொற்களால், தாங்கள் பிழை ஏதும் செய்யவில்லை என்றார், அவ்வளவுதான், கோபம் இல்லை, ஒரு சுடுசொல் இல்லை, அதன்பிறகு பதினோரு வருஷமும் தாங்கள், தாங்கள், தாங்கள், குடும்பமாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நான் ஒருத்தி விருந்தாளி.

ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசி வாரம், ஜன்னலில் காலை வெளிச்சம், மற்றவர்கள் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள், சிரமம் இல்லையென்றால் தாங்கள் சிறிது தண்ணீர் தர இயலுமா என்கிறார், ஸ்பூனால் ஊட்டுகிறேன், வெட்கத்தை விட்டு, அப்பா, ஒரே ஒரு தடவை என்னைக் கொவேன்னு கூப்பிடுங்கப்பா என்று கேட்டுவிட்டேன், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையில் அன்பு இருந்தது, இல்லையென்று நான் சொல்லவே மாட்டேன், சரி என்றார், பிள்ளைகளிடம் சரி என்பதற்குச் சொல்லும் அந்தச் சின்ன யோ இல்லை, விருந்தாளியிடம் தலைதாழ்த்திச் சொல்லும் இங்கி.