வெறுங்காலின் மேல் ஒரு பழி

ஐப்பசி தன் முழுக் கருமையோடு வந்திறங்கியிருந்தது. சில நாளாகவே அண்ணாமலையின் முடியைக் கண்டார் எவரும் இல்லை. அடிவாரப் பாறைகள் மட்டும் நனைந்த யானைகளென மேகத்தின் கீழ் ஒடுங்கிக் கிடந்தன. கோபுரத்தின் மாடங்களில் புறாக்கள் சிறகு விரிக்காது அமர்ந்திருக்க, தேரோடும் வீதியில் செம்மண் நீர் முணுமுணுத்து ஓடிற்று. மழை ஓய்ந்த பின்னும் ஓயாத சொட்டொலி, ஊரே உருவேற்றும் நெடிய மந்திரம் போல் கேட்டது.

அவ்வீதியின் மாடியறை ஒன்றில், வக்கீல் தண்டாயுதபாணியின் எதிரே ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்ந்த ராஜமாணிக்கமும் அவர் மனைவி கஸ்தூரியும் அமர்ந்திருந்தனர். எழுபத்தொன்றின் போரில் வடக்கே பனிமலைக் காவலில் நின்றவர் ராஜமாணிக்கம். வலக்காலில் இப்போது விரல்கள் இல்லை. ஊன ஓய்வூதியம் கேட்டு அவர் செய்த கடைசி முறையீடும் தள்ளுபடியாகி, 'இம்முடிவே இறுதியானது' என்று ஆணை வந்திருந்தது. அதன் காரணத்தை வக்கீல் தமிழில் சொன்னார்: விடுப்பில் சொந்த ஊருக்குப் போனவர் வெறுங்காலோடு மலையைச் சுற்றிப் பாதத்தைப் புண்ணாக்கிக்கொண்டார், படைப்பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"இதை அவங்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான் சார். லீவுல இன்னா பண்ணேன்னு மெடிக்கல் போர்டு டாக்டர் கேட்டாரு. அண்ணாமலையாரைச் சுத்தினேன்னு சொன்னேன்."

"பெருமையா சொல்லியிருப்பாரு" என்றாள் கஸ்தூரி. "கேட்டா போதும், ஸ்தல புராணமே பாடுவாரு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சுலபமான வழி ஒண்ணு இருக்குது. நான் நடக்கவே இல்ல, டாக்டர் தப்பா எழுதிக்கிட்டாருன்னு பிரமாணப் பத்திரம் குடுங்க. ஆணையோட அஸ்திவாரமே ஆடிடும்."

"குடுத்துடுங்க" என்றாள் கஸ்தூரி உடனே. "ஒரு பொய்தானே. சாமி கோச்சுக்காது."

ராஜமாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பனிக்குழியில் பக்கத்தில் கிடந்தவன் விறைத்துப்போன அந்த இரவில், உயிரோடு இறங்கினால் செருப்பின்றி உன்னை வலம் வருவேன் என்று அண்ணாமலையாரிடம் அவர் வேண்டியது யாருக்கும் தெரியாது. கொன்றது பனி, காத்தது மலை. இவர்களோ பனியை விடுதலை செய்துவிட்டு மலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது வக்கீலும் மனைவியும் அந்த நடையே இல்லையென்று பொய் சொல்லச் சொல்கிறார்கள்!

"நடந்தேன் சார்!" மேசை அதிர்ந்தது. "எந்தக் கோர்ட்லயும் சொல்வேன். முள்ளு ஏறினது, கல்லு கிழிச்சது எதுவுமே தெரியல. ரத்தத்தைப் பாத்து இவதான் கத்தினா. பனியில கறுத்து மரத்துப்போன காலு சார் அது! அது ஏன் மரத்துச்சுன்னு ஒருத்தனாவது கேட்டானா?"

வக்கீல் வழக்குத்தாள் கட்டைப் பிரித்து இரு தாள்களை அருகருகே வைத்தார்: படையில் சேர்ந்தபோது பாதங்கள் குறையற்றவை என்ற மருத்துவக் குறிப்பு, பனியால் கால் கறுத்ததென்ற கள மருத்துவமனைச் சீட்டு. பிறகு ஆணையை முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"இந்த ரெண்டைப் பத்தியும் இதுல ஒரு வரி இல்ல" என்றார். அவர் குரலிலும் இப்போது சூடு ஏறியிருந்தது. "நல்ல காலோட சேர்ந்தவருக்குப் பணியில கெட்டா, பணியாலதான்னு வெச்சுக்கணும். இல்லேன்னு சர்க்கார்தான் நிரூபிக்கணும். சட்டத்தையே தலைகீழாப் பிடிச்சிருக்காங்க. நீங்க நடந்ததை ஒத்துக்கிட்டே மெட்ராஸ் ஐகோர்ட்டுல ரிட் போடலாம். ஆனா வருஷக்கணக்கா இழுக்கும். தோத்தாலும் தோக்கலாம்."

"போடுங்க."

கிழிந்த பாதத்தை அன்று மடியில் ஏந்தியவள் கஸ்தூரி. அந்தக் கால் எதையும் உணரவில்லை என்பதை இன்றுதான் அறிந்தாள்.

கையெழுத்திட்டுக் கீழே இறங்கியபோது தூறல் விட்டிருந்தது. படிக்கட்டின் கடைசிப் படியில் அவரை உட்காரச் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கோயில் திருநீற்றை எடுத்தாள். நெற்றியில் இடுவாள் என்று அவர் முகத்தை நீட்ட, அவளோ குனிந்து வலக்காலின் செருப்பைக் கழற்றினாள். விரல்கள் இருந்த விளிம்பில், மழுங்கிய தழும்பின் மேல், மெல்லப் பூசினாள். அவருக்கு அந்தத் தொடுகை தெரியவில்லை. அவள் விரல் அங்கே நகர்வதைக் கண்ணால்தான் கண்டார்.

"நடந்த காலு" என்றாள் அவள், மேகம் மூடிய மலைப்பக்கம் பார்த்து. "நல்லா இருக்கட்டும்."