மூன்றாவது ஃபேன்

ஜமுனாமரத்தூரில் எது நின்றாலும் பழி கரண்டு தலையில்தான் விழும். மாவு மில் நின்றாலும் கரண்டு, மோட்டார் புகைந்தாலும் கரண்டு, டிவியில் கோடு விழுந்தாலும் கரண்டு. மலைமேல் வோல்டேஜ் குறைச்சல் என்பது ஊரறிந்த சங்கதி, அதனால் வேறு எதையும் யாரும் யோசிப்பதில்லை. அன்பரசனும் யோசிக்கவில்லை. அவன் பெண்டாட்டி தமிழரசியும்தான்.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தகரக் கூரைக்கடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார்கள். சித்திரை வெயிலில் அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரே கம்ப்யூட்டர் மிஷின் சூடேறித் திணறியது. அன்பரசன் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து மூன்று ஃபேன்களைக் கழற்றி அந்த மிஷினுக்குள் மாட்டினான். சூடு என்னவோ குறைந்தது. ஆனால் பத்து நிமிஷம் ஓடும், பட்டென்று அணையும்.

"மூணு ஃபேனு ஏறிட்ச்சி இல்ல? நம்மூரு கரண்டுக்கு பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்கல," என்றான். எஸ்.எம்.பி.எஸ். என்றால் கரண்டை வாங்கி மிஷினுக்குள் பங்கிட்டுக் கொடுக்கிற பெட்டி. "பெருசா ஒண்ணு வாங்கணும். வெள்ளிக்கிழம திருப்பத்தூர் போய்ட்டு வர்றேன்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கிற நேரம். சாதிச் சான்றிதழுக்கு எழுதிப்போட ஜனம் வாசலில் நின்றது. தமிழரசிக்குப் பொறுக்கவில்லை. "அதுவரைக்கும் இவங்களுக்கு இன்னா பதில் சொல்றது? இன்னிக்கே போய்ட்டு வந்துடுங்களேன்."

போனான். வாங்கிக்கொண்டு திரும்பும்போது மழை. கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கியது. ஆள் போய்விட்டான். பாழாய்ப்போன பெட்டிக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.

நாலு மாசம் அது பிரிக்காமல் பரண்மேல் கிடந்தது. மாமியார் ரத்தினம்மாள் இந்த நாலு மாசமும் கேட்டது ஒரே கேள்வி. "அன்னிக்கி போய்த்தான் ஆகணுமா?" தமிழரசி சொன்னதும் ஒரே பதில். "அது இல்லாம மிஷின் ஓடாது அத்த." அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் ராத்திரிகளைத் தள்ளினாள். போகச் சொன்னது அவள் வாய்தானே.

கடையை எத்தனை நாள் பூட்டி வைப்பது? ஒடுகத்தூரிலிருந்து மெக்கானிக் நவீன்குமாரை வரவழைத்தாள். "புதுப் பெட்டி இருக்குது, மாட்டிக் குடு," என்று மட்டும் சொன்னாள். ரத்தினம்மாள் கூடவே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பஸ் சத்தத்தில் உள்ளே பேசுவது அங்கே சரியாகக் கேட்காது.

மாட்டினான். மிஷின் ஓடியது. அவர் வாங்கியது வீண்போகவில்லை என்று தமிழரசி நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை, பட்டென்று அணைந்தது.

"இன்னாங்க்கா இது, புதுசு போட்டும் அணையுதே," என்று நவீன்குமார் தலையைச் சொறிந்தான். கூடுதலாக இருந்த மூன்று ஃபேன்களின் ஒயரையும் பிடுங்கினான். டீ வாங்கிக் குடித்து முடிக்கும் வரை மிஷின் ஓடியது. முதல் ஃபேனைச் சொருகினான், ஓடியது. இரண்டாவதற்கும் ஓடியது. மூன்றாவதைச் சொருகி மூடியைத் திருகினான், கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

மூடியைக் கழற்றி அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். ஓரத்துத் திருகில் ஒயர் மாட்டி நசுங்கி, தோல் உரிந்து, உள்கம்பி பளபளவென்று தெரிந்தது. அன்பரசன் அவசரத்தில் திருகியது.

"ஓட ஓட அதிர்ந்து, மிஷின் தகரத்துல பட்டு ஷார்ட்டாவுதுங்க்கா. அதான் எஸ்.எம்.பி.எஸ். தானா நின்னுடுது." உரிந்த இடத்தில் டேப் சுற்றினான். சந்தேகம் தீர பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையே திரும்ப மாட்டிப் பார்த்தான். மூன்று ஃபேனும் சுற்ற, மிஷின் நிற்காமல் ஓடியது. "பழசே போதும். மூணு ஃபேனு இன்னா பெரிய லோடு, ஒரு எல்.இ.டி. பல்பு எரியிற அளவுதான். இதுக்குப் போயி புதுசு வாங்கணும்னு யாருங்க்கா சொன்னாங்க?"

தமிழரசி டேப்பைப் பார்த்தாள். இரண்டு விரல்கடை நீளம் இருக்கும். அன்றைக்கு அந்த மூடியை ஒருதரம் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் போதும். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலிலிருந்து ரத்தினம்மாள் குரல் வந்தது. "ஓடுதாம்மா? இன்னா கோளாறாம்?"

நவீன்குமார் சொல்ல வாயெடுத்தான். தமிழரசி முந்திக்கொண்டாள். "எஸ்.எம்.பி.எஸ்.தான் அத்த. அவரு வாங்கியாந்தத போட்டதும் ஓடுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "புதுசயே திருப்பி மாட்டிடு நவீனு," என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"அப்ப போய்த்தான் ஆவணும்," என்றாள் ரத்தினம்மாள். "எம்புள்ள வேலயாத்தான் போயிருக்கான்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நாலு மாசத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.

தமிழரசி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். உண்மையை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு, இனிமேல் இவளோடு சேர்ந்து அழக்கூட அவளுக்கு வழியில்லை.