கட்டில் எந்தப் பக்கம்

தொழில் மண்டலத்துக்கு எல்லை போட்ட நகரசபைக்காரர்கள் ஆரின் டாஸ்கரின் வீட்டை இரண்டாக வெட்டிவிட்டார்கள். வரைபடத்தில்தான். மண்மூடிப் போன ஒரு பழைய ஓடையை ஒட்டிக் கோடு இழுத்ததில், முன்பக்கப் படுக்கையறை மண்டலத்துக்குள் வந்தது, பின்னறை வெளியே போனது. பதினோரு வருஷமாக யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

இப்போது ஒஹையோ ஆற்றில் கட்டிப்போட்டிருக்கும் சூதாட்டப் படகில் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள். மண்டலவாசியை வேலைக்கு வைத்தால் படகுக்காரருக்கு வரிச்சலுகை. வெளியாளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். நாற்காலித் தொழிற்சாலை மூடியதிலிருந்து வேலையில்லாத ஆரினுக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை.

ஆனால் போன நவம்பரிலிருந்து அவன் படுப்பது பின்னறையில். கூரை மாற்ற வைத்திருந்த பணத்தை அதே படகின் இயந்திரங்களில் கொட்டிவிட்டு வந்தான். மனைவி டெல்ஃபா தலையணையோடு அவனை அங்கே தள்ளிவிட்டாள்.

"படகு கட்டுற வரியிலதானே ஊருக்கே தீயணைப்பு வண்டி வந்துச்சு," என்று அன்று சமாதானம் சொல்லிப் பார்த்தான்.

"ஆமா, அதுல முன்சக்கரம் ரெண்டும் நம்ம கூரைதான். போய்த் தடவிக் குடுத்துட்டு வா."

செவ்வாய்க்கிழமை மதியம் மண்டல அலுவலர் ப்ரூயிட் அம்மாள் அளவுநாடாவோடு வந்து, நடைவழியில் சாக்பீஸால் கோடு கிழித்தார்.

"அடுப்பு எங்க இருக்குன்னு கேக்க மாட்டோம் சார். கட்டில் எங்கன்னுதான் கேப்போம். அது கோட்டுக்கு உள்ள இருந்தாதான் நீங்க மண்டலவாசி. நீங்க எந்தப் பக்கம் தூங்குறீங்க?"

ஆரின் டெல்ஃபாவைப் பார்த்தான். முன்னறைக்குத் திரும்ப விடச் சொல்லி முந்தின நாள் எவ்வளவோ கெஞ்சியும் அவள் மசியவில்லை. இப்போதும் கையைக் கட்டிக்கொண்டு கல்லாக நின்றாள்.

அலுவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படிவத்தைப் புரட்டினார். "சரி, அத அப்புறம் பாப்போம். இதுல கையெழுத்துப் போடுங்க. வேலை செய்யறவங்க அந்தப் படகுல சூதாடக் கூடாது."

ஆரினோ முதல் சம்பளத்தில் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான்.

"லீவு நாள்லயுமா?" என்று கேட்டது டெல்ஃபா.

"எந்த நாள்லயும். ஒரு காசு வைக்கக் கூடாது. வச்சா அன்னிக்கே வேலை போயிரும்."

டெல்ஃபா படிவத்தை வாங்கி அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். பேனாவை ஆரினிடம் நீட்டினாள். அவன் தயங்கியதை அவள் பார்த்துவிட்டாள். வெட்கத்தில் அவன் காது சிவந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"முன்னறையிலதான் தூங்குறாரு," என்றாள் டெல்ஃபா.

"அங்க ஒரே ஒரு தலகாணிதானே இருக்கு?" என்றார் அலுவலர்.

"இன்னொன்னு வெயில்ல காயுது."

அலுவலர் வெளியே துணிக்கொடியை எட்டிப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டுப் போனார்.

"என்னை மன்னிச்சிட்டியா டெல்ஃபா?"

"இன்னும் இல்ல. உன்ன நம்ப எனக்குத் தெம்பு இல்லய்யா. உன்ன என்கிட்டருந்து பிடுங்குனது அந்தப் படகுதானே, இனி அதுவே காவல் காக்கட்டும்." அவள் பின்னறையைக் கை காட்டினாள். "தலகாணிய எடுத்துட்டு வா. தனியாப் படுக்க எனக்கும் பிடிக்கல."