கிணற்றடிக் கேள்வி

முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் சட்டத்தரணி ராஜினி வேறு எந்தச் சட்டத்தரணியோடும் ஒரே மேசையில் இருப்பதில்லை. சின்ன ஊர். வழக்குக்கு வந்தவர்கள் கடைக்கு வெளியே உள்ள நீள மர வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோடு சிரித்தால், "ரெண்டு பேரும் ஒண்டாயிட்டினம்" என்ற கதை பின்னேரத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும். அதனால் நின்றபடியே குடித்துவிட்டுப் போவாள். சந்தேகம் வந்தால் கேட்க அங்கே யாருமில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும் அவளுக்குத் துணை இருந்தது. பல ஊர்ச் சட்டத்தரணிகள் சூமில் கூடி, சிவில் வழக்கில் சாட்சியை எப்படி விசாரிப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். கட்சிக்காரரின் பெயரோ ஊரோ சொல்லக்கூடாது என்பது விதி. நீண்ட நாளாக அவள் கமராவை மூடி, 'ரா' என்று மட்டும் போட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப்போல வேறு சில கறுப்புப் பெட்டிகளும் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை அவள் வாய் திறந்தாள். வரும் புதன்கிழமை அவளுடைய கட்சிக்காரர் நாச்சியா உம்மாவின் காணி வழக்கு. உம்மா இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது காணியில் குடியேறியவர், கிணறும் கிணற்றடியும் தான் கட்டியவை என்கிறார். அங்கே ஒரு தாழ்ந்த சீமெந்துக் கட்டு இருக்கிறது. தொழுகைக்கு முன் உட்கார்ந்து கைகால் கழுவ உம்மாவின் வாப்பா கட்டியது. பெயரும் ஊரும் விட்டு இதையெல்லாம் குழுவில் சொன்னாள்.

"குடியேறின ஆளா நான் சாட்சி சொல்றேன். கேளுங்க தங்கச்சி," என்றார் ஹட்டன் சட்டத்தரணி ஆண்டியப்பன்.

"அந்தக் கட்டை ஏன் கட்டினனீங்கள்?"

"சும்மா, அழகுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன்னு கேட்டா கதை விடுவான். அதுல தினம் என்ன செய்றீங்கன்னு கேளுங்க. ஒண்ணுமில்லைம்பான். கட்டுனவனுக்கே அது எதுக்குன்னு தெரியலைன்னு ஆயிடும். அதோட உக்காந்துருங்க."

கூட்டம் முடிந்ததும் கைபேசி அடித்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தயாபரன்.

"ராஜினி, உந்தக் குழுவில 'த' எண்டு போட்டிருக்கிறது நான்தான்."

அவள் எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கட்டை நான் போய்ப் பார்த்தனான். மாட்டுக்குத் தண்ணி வைக்கிற இடமெண்டு நினைச்சன்."

"உங்கட ஆளிட்டச் சொல்லப் போறீங்களோ, சேர்?"

"சொன்னா உங்களுக்குத் துரோகம். சொல்லாம நிண்டா அவருக்கு. நான் வழக்கை விடுறன்."

"தவணை போட்டுத் தள்ளி வைப்பினமே! உம்மா புத்தளத்தில இருந்து வாறா."

"ஓம்," என்றார்.

புதன்கிழமை, சொந்தக் காரணங்களால் விலகுவதாகத் தயாபரன் நீதிபதியிடம் சொன்னார். எதிராளி வேறு சட்டத்தரணி பிடிக்கும்வரை வழக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

"மகள், அவர் ஏன் வழக்கை விட்டுட்டுப் போறார்?"

"தெரியாது உம்மா."

"அடுத்த தவணைக்கு நான் இருப்பனோ தெரியா," என்றார் நாச்சியா உம்மா. பிறகு கடை வாங்கில் போய் இருந்தார்.

தேநீர்க் கடையில் தயாபரன் தனியே இருந்தார். அவளைக் கண்டதும் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, எதிர்க் கதிரைக்கு இடம் விட்டார். இனி அவர் எதிர்த்தரப்பு இல்லை. அது வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த உம்மாவுக்கு எப்படித் தெரியும்? ராஜினி நின்றபடியே குடித்தாள்.

சனிக்கிழமை ஆண்டியப்பன் கேட்டார். "தங்கச்சி, கிணறு என்னாச்சு?"

"தவணை போட்டிட்டினம், சேர்."

மைக்கை மூடிவிட்டுக் கறுப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'த' இல்லை.