இரண்டு அரைவேக்காட்டு முட்டை

சவப்பெட்டியை மூட இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. நவமணி அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மடித்த வேட்டிமேல் வைத்தாள். வெற்றிலை டப்பாவும் சீப்பும் ஏற்கெனவே அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தன.

“அப்பாவுக்கு வேற என்னம்மா பிடிக்கும்? மறக்காம எல்லாத்தையும் வச்சிரு லா,” என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லாயி.

நவமணிக்குத் தெரியும். வாயைத் திறக்கத்தான் துணிவில்லை.

அப்பா உடையப்பன் சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். தன் நிரையில் எந்த மரம் எவ்வளவு பால் தரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்பேர்ப்பட்டவர் ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு, எண்பத்திரண்டு வயதில், சொந்த வீட்டிலேயே குளியலறை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்.

“கொலஸ்ட்ரால் ரொம்ப இருக்கு. மூளை இப்படி ஆனதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னும் யாருக்கும் தெரியாதும்மா.”

அந்த ‘இருக்கலாம்’ ஒன்றை அம்மா முத்தம்மா பிடித்துக்கொண்டாள். அன்றோடு வீட்டில் தேங்காய்ப்பால், நெய், முட்டை எல்லாம் நின்றன. அவருக்கு ஆகாதது தனக்கும் வேண்டாம் என்று நான்கு வருடம் அவளும் அதே உப்புச்சப்பில்லாத சோற்றைத்தான் தின்றாள். அவ்வளவு வைராக்கியம் யாருக்கு வரும்?

அதைத்தான் நவமணி திருட்டுத்தனமாய்க் கெடுத்தாள். சனிக்கிழமைதோறும் காம்பாரிலிருந்து பஸ் ஏறி வருவாள். அம்மா மார்க்கெட்டுக்குப் போனதும் இரண்டு முட்டையை வெந்நீரில் போட்டு எடுத்து, கிளாசில் உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி, சோயா கிச்சாப் விட்டுக் கொடுப்பாள். மகளை யாரோ என்று பார்க்கும் அப்பா, கடைசிக் கரண்டியை நக்கிவிட்டு, “நவமணி, நீ சாப்பிட்டியா?” என்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் எல்லாம். ஓடுகளைக் காகிதத்தில் சுற்றி, கைப்பையில் வைத்துக் காம்பாருக்கே கொண்டுபோய்விடுவாள்.

இப்போது அவளால் பெட்டியைப் பார்க்க முடியவில்லை. அந்த ‘இருக்கலாம்’ உண்மையானால், அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாய் அழித்தது அவள்தானே?

அடுப்படியில் செல்லாயியின் குரல் உயர்ந்தது.

“ஐயோ முத்தம்மாக்கா! பொணத்த வீட்ல வச்சிக்கிட்டு யாராச்சும் அடுப்பு பத்த வைப்பாங்களா?”

“சமைக்கல லா. சுடுதண்ணிதான்.”

முத்தம்மா வெளியே வந்தாள். ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் கிச்சாப் போத்தல். கிளாசுக்குள் இரண்டு மஞ்சள் கருக்கள் மிதந்தன. நவமணி எழுந்து அருகில் போனாள்.

“ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

“கழுவுனாலும் கிளாசுல முட்ட வாட போகாது. சனிக்கிழம மத்தியானம் மட்டும் எம் பேரையும் சொல்லிக் கூப்புடுவாரு. அதான் மார்க்கெட்டுல கொஞ்சம் நின்னுட்டு, லேட்டா வருவேன்.”

“என்னாலதான் அப்பாவுக்கு...”

“யாருக்கும் தெரியாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு. விடு.”

முத்தம்மா கிளாசை அவர் தலைமாட்டில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். போத்தலை மகளிடம் நீட்டினாள்.

“மொளகு போட்டுட்டேன். கிச்சாப் நீ எவ்ளோ விடுவேன்னு எனக்குத் தெரியல. நீயே ஊத்து.”

நவமணி குனிந்து மூன்று சொட்டு விட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சொட்டு விட்டாள்.